பதினான்கு வயதில் திறக்கும் கதவு: இணையவழி உயர்நிலைக் கல்வியும் தலித் மாணவர்களும்

‘பள்ளிக்குச் செல்லாமலேயே 10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்பு முடிக்கலாம்’ என்னும் விளம்பரங்கள் பெருநகரங்களைக் கடந்து சிறுநகரப் பேருந்து நிலையச் சுவர்களையும் கைப்பேசித் திரைகளையும் எட்டிவிட்டன. வீட்டிலிருந்தே படிப்பது, விரும்பிய பாடத்தைத் தேர்ந்தெடுப்பது, விரும்பிய நேரத்தில் தேர்வெழுதுவது ஆகிய மூன்றும் சுதந்திரத்தின் மொழியில் விற்கப்படுகின்றன. பள்ளியின் இறுக்கத்தை வெறுத்துத் தம் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் நகர்ப்புற நடுத்தர வர்க்கப் பெற்றோருக்கு இது உண்மையிலேயே ஒரு தேர்வுதான். நூல்கள், தனியறை, ஆங்கிலம் அறிந்த பெற்றோர், பயிற்சி மையக் கட்டணம் எல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே வாய்த்திருக்கின்றன.

சாதிய வசையால் பள்ளிக்கு முழுக்குப் போட்ட மாணவருக்கும், பெற்றோருடன் செங்கற்சூளைக்கு இடம்பெயர்ந்த சிறுமிக்கும், ‘நீ தேறமாட்டாய்’ என்று சொல்லி மாற்றுச் சான்றிதழ் கையில் திணிக்கப்பட்ட மாணவருக்கும் ‘வீட்டிலிருந்தே கல்வி’ என்பதன் பொருள் வேறு. அவர்கள் பள்ளியைத் துறந்தவர்களல்லர், பள்ளியால் துறக்கப்பட்டவர்கள். ஆகவே இவர்களுக்கு எந்த இணையவழி உயர்நிலைப் பாடத்திட்டம் உகந்தது என்னும் கேள்வியைக் கட்டணம், செயலி, காணொளித் தரம் ஆகியவற்றை ஒப்பிட்டு மட்டும் தீர்மானித்துவிட முடியாது. அந்தச் சான்றிதழ் எந்தக் கதவைத் திறக்கிறது, அதைப் பெறுவதற்காகப் பள்ளியை விட்டு வெளியேறும்போது எந்த உரிமைகள் கைநழுவுகின்றன என்ற இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஒரே வயதில் சந்திக்கும் மூன்று விதிகள்

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கே பொருந்தும். தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக்கூடாது என்கிறது அச்சட்டம். எட்டாம் வகுப்பைக் கடந்தபின் அந்தக் காப்பு இல்லை.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. குடும்பத் தொழிலுக்கு விலக்களித்தது. ஆனால் 14 முதல் 18 வயது வரையிலானோரை ‘வளரிளம் பருவத்தினர்’ என்று தனியே பிரித்து, ஆபத்தான தொழில்களில் மட்டுமே அவர்களை அமர்த்தக்கூடாது என்றது. ஏனைய வேலைகளுக்கு அவர்களை எடுப்பது சட்டப்படி குற்றமில்லை.

மூன்றாவதாக, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 10ஆம் வகுப்புக்குச் சேர்வதற்கான குறைந்தபட்ச வயதும் 14தான்.

கல்வி உரிமை முடியும் வயதிலேயே உழைப்புச் சந்தையின் கதவு திறக்கிறது. அதே வயதில் ‘பள்ளிக்குப் போகாமலே படிக்கலாம்’ என்ற வழியும் கிடைக்கிறது. இந்த மூன்றையும் யாரும் கூடிப் பேசித் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் விளைவு யாரைத் தாக்குகிறது என்பதில் ஐயமில்லை. நிலமற்ற கூலிக் குடும்பத்தில் 14 வயதுப் பிள்ளையின் தினக்கூலி அடுப்பெரியத் தேவைப்படுகிறது. ‘திறந்தநிலையில் பதிவுசெய்துவிட்டோம், படிப்பும் நடக்கும், வேலையும் நடக்கும்’ என்னும் சமாதானம் அக்குடும்பத்துக்கு எளிதில் கிடைத்துவிடுகிறது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்கள் அழைத்துச் செல்லப்பட்ட வரலாற்றை அறிந்த நமக்கு இது கற்பனையான அச்சமன்று. ஏட்டில் மாணவி, நடைமுறையில் தொழிலாளி என்னும் இரட்டை நிலையை அரசு கணக்கிடவில்லையென்றால், இடைநிற்றல் குறைந்துவிட்டது என்று அறிவித்துக்கொள்வது எளிதாகிவிடும்.

இந்தியாவில் வீட்டுவழிக் கல்வியை வெளிப்படையாக ஏற்று நெறிப்படுத்தும் சட்டமும் இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குக் கல்வி உரிமைச் சட்டத்தில் தண்டனையும் இல்லை. இந்த இடைவெளி வசதியுள்ளோருக்குத் தளர்வான சுதந்திரமாக அமைகிறது. வசதியற்றோர் பள்ளியை விட்டு நழுவும்போது, ‘ஏன் வரவில்லை’ என்று கேட்பதற்கு ஆளில்லாத வெற்றிடமாகிவிடுகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளிலிருந்தே திறந்தநிலைக் கல்வியை விரிவாக்க வேண்டும் என்கிறது. பள்ளிக்கூடமே உரிமையாக இருக்கும் வயதிலும் மாற்றுவழியைப் பரிந்துரைப்பதை நாம் எச்சரிக்கையுடன் அணுக வேண்டியுள்ளது.

வீடு புகலிடமா?

பள்ளியில் சாதிக் கொடுமை இருக்கும்போது பிள்ளையை அங்கே அனுப்பித்தான் ஆக வேண்டுமா என்று பெற்றோர் கேட்கின்றனர். அக்கேள்வியை நாம் அலட்சியமாகக் கடந்துவிட முடியாது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை நினைவில் கொள்வோம். சக மாணவர்களின் சாதிய வன்கொடுமையால் ஒரு தலித் மாணவர் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தினார். விவரம் பள்ளியின் கவனத்துக்கு வந்தபின், அன்றிரவே அவருடைய வீட்டுக்குள் புகுந்து அவரையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினர். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த 11ஆம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர் இறக்கி வெட்டப்பட்டார்.

நாங்குநேரியில் தாக்குதல் நடந்த இடம் வீடு. ஸ்ரீவைகுண்டத்தில் பள்ளிக்குச் செல்லும் வழி. சாதி வகுப்பறையின் நான்கு சுவருக்குள் மட்டும் வாழ்வதில்லை என்பதால், பள்ளியை விட்டு விலகுவது பாதுகாப்புக்கு உறுதியளிக்காது. மாறாக, கொடுமை செய்தவர் வகுப்பறையில் இருக்க, அதற்கு ஆளானவர் வீட்டில் அடைபடும் நிலையே உருவாகும். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குவது, மாணவர் கைகளில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடைசெய்வது உள்ளிட்ட பரிந்துரைகளை முன்வைத்தது. அவை பள்ளியை மாற்றச் சொல்பவை. பாதிக்கப்பட்ட மாணவரை இடம்மாற்றச் சொல்பவையல்ல. நமது நிலைப்பாடும் அதுவே.

திரையும் சாதியற்ற வெளியன்று. 2021 ஏப்ரலில் காரக்பூர் ஐஐடி நடத்திய இணையவழி ஆயத்த வகுப்பில், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களை நோக்கிப் பேராசிரியர் ஒருவர் பொழிந்த வசைகள் காணொளியாக வெளிவந்து நாடே அறிந்தது. அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். உடல் அருகில் இல்லாவிட்டாலும், மாணவர் எந்த ஒதுக்கீட்டில் வந்தவர் என்பதை அறிந்துகொண்டு இழிவுபடுத்த முடியும் என்பதற்கு அந்த வகுப்பே சாட்சி.

கருவி யார் கையில்?

பெருந்தொற்றுக் காலம் இணையவழிக் கல்வியை நாடு முழுவதும் சோதித்துப் பார்த்த காலம். அதற்குச் சற்று முன்பு, 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றுப்படி, ஊரகக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 விழுக்காடு, இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் எளிய குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடம் ழான் திரேஸ் உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த ஆய்வு நடந்தது. ஊரகப் பகுதியில் முறையாக இணையவழியில் படித்தவர்கள் 8 விழுக்காட்டினர் மட்டுமே என்று அது கண்டது. தலித், பழங்குடிக் குழந்தைகளில் அது 4 விழுக்காடு. பிறரில் 15 விழுக்காடு. ஒரே ஊர், ஒரே வறுமை என்று தோன்றும் இடத்திலும் சாதி கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேறுபாட்டை உண்டாக்கியது.

கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று இணையவழி வகுப்புகள் தொடங்கிய முதல் நாளே, மலப்புரம் மாவட்டத்தில் 9ஆம் வகுப்பு தலித் மாணவி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டில் தொலைக்காட்சி பழுது, திறன்பேசி இல்லை. எழுத்தறிவில் முன்னணியில் உள்ள மாநிலத்திலேயே இதுதான் நிலை.

அதன்பின் திறன்பேசிகள் பெருகியிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஒரு வீட்டில் ஒரு கைப்பேசி இருப்பதும் ஒரு மாணவிக்கு நாள்தோறும் நான்கு மணிநேரம் அது கிடைப்பதும் ஒன்றல்ல. வேலைக்குச் செல்லும் தந்தையோடு காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் கைப்பேசியை நம்பி வேதியியல் படிக்க முடியாது.

திறந்தநிலைக் கல்வியை நாம் ஏன் நிராகரிக்கவில்லை

இவ்வளவும் கூறியபின், திறந்தநிலைக் கல்வி நமக்கு வேண்டாம் என்று முடிப்பது தவறு. இடைநின்ற பிள்ளைக்கு மீண்டும் ஒரு வாய்ப்பு அளிக்கும் பொது நிறுவனம் அது. சிபிஎஸ்இயின் கீழ் 1979இல் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகி, 2002இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஒருமுறை சேர்ந்தால் ஐந்தாண்டுகள் வரை பதிவு செல்லும். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடப்பதால், ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். வேறு வாரியத்தில் முன்பு தேறிய பாடங்களில் சிலவற்றின் மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. திருமணத்துக்குப் பின் படிக்க விரும்பும் பெண்ணுக்கும், வேலைக்குச் சென்று திரும்பிய இளைஞருக்கும், நீண்டகால நோயிலிருந்து மீண்ட மாணவருக்கும் வழக்கமான பள்ளி அளிக்காத இடத்தை இது அளிக்கிறது.

ஆனால் அந்தச் சான்றிதழின் மதிப்பைப் போராடித்தான் நிலைநாட்ட வேண்டியிருந்தது. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் தேர்வெழுதத் தகுதியற்றவர்கள் என்று 2018இல் இந்திய மருத்துவக் கழகம் தன் விதிகளில் சேர்த்தது. அதே ஆண்டு மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கியது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் 2024 மார்ச்சில்தான் முடிவுக்கு வந்தது. அங்கீகரிக்கப்பட்ட திறந்தநிலைப் பள்ளிகளை ஏற்பதாகத் தேசிய மருத்துவ ஆணையம் ஒப்புக்கொண்டதே அதற்குக் காரணம். இடைப்பட்ட ஆறாண்டுகள் அம்மாணவர்களின் தலைக்கு மேல் வழக்கு என்னும் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. சட்டப்படி சமமான சான்றிதழும் அலுவலக மேசையில் சந்தேகத்துடன் பார்க்கப்படும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

முதற்கேள்வி, சான்றிதழ் வழங்குவது யார் என்பது. வகுப்பு நடத்தும் நிறுவனமும் தேர்வு நடத்திச் சான்றளிக்கும் வாரியமும் வேறு வேறு. செயலியோ பயிற்சி மையமோ எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், அதன் பின்னால் அங்கீகாரம் பெற்ற வாரியம் இல்லையென்றால் அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம். ‘வாரியம்’ என்று பெயர் வைத்துக்கொண்ட போலிகள் பல உள்ளன. இந்தியப் பள்ளிக்கல்வி வாரியங்களின் கூட்டமைப்பு வெளியிடும் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வடிகட்டி. வெளிநாட்டு வாரியங்களின் பாடத்திட்டத்தில் வீட்டிலிருந்து படிப்பவர்கள், இந்தியப் பல்கலைக்கழகத்தில் சேரச் சமநிலைச் சான்று பெற வேண்டியிருக்கும். அதற்கான செலவும் காத்திருப்பும் தொடக்கத்திலேயே கணக்கில் வர வேண்டும்.

இரண்டாவது, 12ஆம் வகுப்புக்குப் பின் எங்கே செல்ல விரும்புகிறோம் என்பது. அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். பொறியியலுக்கான ஜேஇஇ தேர்வுக்குத் திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் குறைந்தது ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். மருத்துவம் நோக்கமென்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் தவறாமல் இருக்க வேண்டும்; செய்முறை வகுப்பும் தேர்வும் எந்த மையத்தில் நடைபெறும், அங்கே ஆய்வகம் உண்மையில் இயங்குகிறதா என்று நேரில் சென்று பார்க்க வேண்டும். எளிதில் தேறலாம் என்று இடைத்தரகர் பரிந்துரைக்கும் பாடச் சேர்க்கை, இரண்டாண்டுகளுக்குப் பின் கல்லூரி வாயிலில் மாணவரைத் தடுத்து நிறுத்தக்கூடும். மாநில அரசு வேலைக்குச் சமநிலை உண்டா என்பதையும் அரசாணை எண்ணோடு கேட்டறிய வேண்டும். வாய்மொழி உறுதி போதாது.

மூன்றாவது, மொழி. பாடநூல், இணையவழி வகுப்பு, வினாத்தாள் மூன்றும் தமிழில் கிடைக்குமா என்று ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு அரசுப் பணி முன்னுரிமையை எதிர்பார்ப்பவர்கள், பள்ளிக்கல்வியையும் தமிழில் பயின்றதற்கான சான்றை அளிக்க வேண்டியிருக்கும். அந்தச் சான்றை யார் தருவார் என்பதைச் சேரும் முன்பே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, பணம். அரசு நிறுவனத்தின் கட்டணம் அதன் இணையதளத்திலேயே உள்ளது. மாணவரே நேரடியாகப் பதிவுசெய்யலாம். ‘தேர்ச்சி உறுதி’ என்று சொல்லிப் பல மடங்கு வசூலிப்பவர் கல்வியை விற்கவில்லை, மோசடியை விற்கிறார்.

ஐந்தாவதும் முதன்மையானதுமான கேள்வி, நாம் எதை இழக்கிறோம் என்பது. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே அடிப்படை நிபந்தனை. 2020இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தைத் தொடர்ந்து, 2021இல் பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் அத்தகைய ஒதுக்கீடு வந்தது. கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும், மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழியிலோ படித்தோருக்கே உரியவை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் படிப்போரும் இவற்றுக்கு உரியவர்கள். 10ஆம் வகுப்பின் நடுவே பள்ளியை விட்டு இணையவழிக்குச் செல்லும் மாணவர், இந்தத் தொடர்ச்சியை ஒரே கையெழுத்தில் அறுத்துக்கொள்கிறார். அதோடு விடுதி, மதிய உணவு, பேருந்துப் பயண அட்டை, மிதிவண்டி எல்லாம் போகின்றன.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கான இடஒதுக்கீடு சாதிச் சான்றிதழைப் பொறுத்தது. திறந்தநிலையில் படித்தாலும் அது தொடரும். போவது அரசுப் பள்ளியோடு பிணைந்த உரிமைகள். இந்த வேறுபாட்டை அறியாமலேயே பல பெற்றோர் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திடுகின்றனர்.

களத்தில் செய்ய வேண்டியது

நூறு விழுக்காடு தேர்ச்சி என்னும் பலகையை வாயிலில் தொங்கவிடும் ஆசையில், 9ஆம் வகுப்பிலேயே பின்தங்கிய மாணவரை ‘தனித்தேர்வராக எழுதிக்கொள்’ என்று அனுப்பிவிடும் வழக்கம் உள்ளது. அந்த மாணவர்கள் யாவர் என்று சாதிவாரியாகக் கணக்கெடுத்தால் உண்மை தெரிந்துவிடும். எனவே எட்டாம் வகுப்புக்குப் பின் வழங்கப்படும் ஒவ்வொரு மாற்றுச் சான்றிதழின் காரணத்தையும், அம்மாணவர் அடுத்து எங்கே சேர்ந்தார் என்பதையும், சாதி, பாலின விவரங்களோடு அரசு வெளியிட வேண்டும். கல்வி உரிமையின் எல்லை 18 வயதாக உயர வேண்டும். சாதிய வன்கொடுமையால் பள்ளியை விட்டு விலக நேர்ந்த மாணவருக்கு, திறந்தநிலையில் படித்த ஆண்டுகளையும் அரசுப் பள்ளி ஆண்டுகளாகக் கருதும் விதிவிலக்கு வேண்டும். 2025இல் சமூக நீதி விடுதிகள் என்று பெயர்மாற்றம் பெற்ற விடுதிகளில் கணினியும் இணையமும் பயிற்றுநரும் கொண்ட படிப்பு மையங்களைத் திறந்து, திறந்தநிலை மாணவரையும் அங்கே அனுமதிக்க வேண்டும். பெயரை மாற்றிய அரசுக்கு இது பெருஞ்செலவன்று.

கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. இந்தப் படிவங்களை நிரப்பியவர்கள், இந்த இணையதளங்களில் விண்ணப்பித்தவர்கள் நீங்கள். உங்கள் குடியிருப்பில் மாற்றுச் சான்றிதழ் வாங்கப்போகும் பெற்றோருடன் ஒருவர் பள்ளிக்குச் சென்றால், பாதிப் பிள்ளைகளாவது அங்கேயே தொடரக்கூடும். ஏற்கெனவே வெளியேறியவர்களுக்குச் சரியான வாரியத்தையும் பாடத்தையும் தேர்ந்து, தரகரின்றிப் பதிவுசெய்து கொடுக்கலாம். மாலைநேரப் படிப்பகம் ஒன்றில் கைப்பேசியும் மேசையும் ஒரு தோழரும் இருந்தாலே, தனியே படிக்க முடியாத பாடம் படிக்க முடிந்ததாகிவிடும்.

திருவிதாங்கூரில் புலையர் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டபோது, அய்யன்காளியின் தலைமையில் உழவுத் தொழிலாளர்கள் வயலில் இறங்க மறுத்தனர். ஊரூட்டம்பலத்தில் ஒரு தலித் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க முயன்றபோது, அந்தப் பள்ளியையே கொளுத்தினர். வகுப்பறையின் பலகை நமக்குக் கிடைத்தது அப்படித்தான். ஆகவே ‘வீட்டிலிருந்தே படியுங்கள்’ என்று யார் கூறினாலும், அந்தப் பிள்ளை பள்ளியை விட்டு ஏன் வெளியே நிற்கிறது என்பதை முதலில் கேட்போம். காரணம் சாதியென்றால், திறந்தநிலைப் பதிவுக்கு முன்பாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் பதிவாக வேண்டும். காரணம் வறுமையென்றால், விடுதியும் உதவித்தொகையும் முதலில் வர வேண்டும். அவற்றுக்குப் பின்னும் தேவைப்படும் இடத்தில், திறந்தநிலைக் கல்வியை முழு விழிப்புடன், முழு உரிமையுடன் பயன்படுத்துவோம்.